ஏவியவனையும் விடாத பூதம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பழைய பாணிப் பூதப்படங்களில் எனக்குப் பிடித்தது எது என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, 1988-இல் வெளிவந்த 'பம்ப்கின்ஹெட்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தேன். ஒரு சொல்லோடு தப்பித்துக்கொள்ள விடமாட்டோம் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தப் படத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். முடிவு வரைக்கும் பேச வேண்டியிருப்பதால், படத்தைப் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கே.எஸ்., திருச்சி: படத்தை நான் பார்த்ததில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அதில் அப்படி என்ன விசேஷம் என்பதையும் விளக்குவீர்களா?

அமெரிக்காவின் மலைக்காட்டுப் பகுதி ஒன்றில், ஆள் நடமாட்டம் குறைந்த சாலையோரத்தில், எட் ஹார்லி என்பவர் சிறிய கடை வைத்துப் பிழைக்கிறார். மனைவியை இழந்தவர். கண்ணாடி அணிந்த பில்லி என்ற சின்னப் பையன்தான் அவருடைய உலகம். நகரத்திலிருந்து விடுமுறையைக் கழிக்க வந்த ஆறு இளைஞர்கள் அந்தக் கடையில் வண்டியை நிறுத்துகிறார்கள். கையோடு கொண்டுவந்த மோட்டார் பைக்குகளை அருகிலுள்ள மேடுகளில் ஓட்டி விளையாடுகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவருக்குத் தர வேண்டிய தீவனத்தை எடுத்துவர ஹார்லி வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், ஓடிப்போன நாயைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடிய பில்லியின் மீது ஜோயல் என்பவனின் வண்டி மோதிவிடுகிறது. ஜோயல் ஏற்கெனவே இதேபோன்ற விபத்தொன்றில் சிக்கி, நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருப்பவன். அன்று குடித்தும் இருக்கிறான். காவல்துறைக்குத் தெரிந்தால் சிறைதான் என்று பயந்து ஓடிவிடுவதோடு, தகவல் சொல்ல வேண்டும் என்று வாதாடும் நண்பர்களை அறைக்குள் வைத்துப் பூட்டியும் விடுகிறான்.

பையன் தகப்பனின் கையிலேயே உயிரை விடுகிறான். ஹார்லி பிணத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வாழும் ஹேகிஸ் என்ற கிழட்டுச் சூனியக்காரியிடம் போகிறார். அவள் சொன்னபடி, பரங்கிக்கொடி படர்ந்த பழைய இடுகாட்டில் ஒரு மேட்டைத் தோண்டி, உள்ளே சுருண்டு கிடக்கும் வற்றிய சடலத்தைக் கொண்டுவருகிறார். தகப்பனின் இரத்தமும் மகனின் இரத்தமும் கலந்து ஊட்டப்பட்டதும் அது வளர்ந்து, நிமிர்ந்து, வேட்டைக்குப் புறப்படுகிறது. படத்தின் பெயர்க்காரணம் அந்தப் பரங்கிக்காட்டு இடுகாடுதான். தலை பரங்கிக்காயைப் போல இருக்கும் என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இதுவரைக்கும் இது வழக்கமான கதைதான். விசேஷம் இதற்குப் பிறகு வருகிறது. பூதம் முதல் ஆளைக் கொல்லும் நொடியில், தொலைவில் இருக்கும் ஹார்லி உடல் முறுக்கித் துடிக்கிறார். அதன் கண்கள் காண்பதெல்லாம் அவருக்கும் தெரிகிறது. பழியை இன்னொன்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தள்ளி இருந்துகொள்ளலாம் என்ற வசதியை இந்தப் படம் தர மறுக்கிறது. பழிவாங்கும் கதைகளை எத்தனையோ பார்த்துவிட்ட எனக்கு இது மட்டும் மனத்தில் தங்கியிருப்பதற்கு அந்த ஓர் ஏற்பாடுதான் காரணம்.

ஆர்.வி., மதுரை: நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் பிள்ளையை ஒருவன் வண்டியேற்றிக் கொன்றுவிட்டு ஓடினால், ஹார்லி செய்ததைத்தான் நானும் செய்வேன். அந்த மனிதரைப் படம் கடைசியில் தண்டிப்பது அநியாயமாகத் தோன்றவில்லையா?

நீங்கள் இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே படத்தின் முதல் பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட உட்காருவதற்கு முன் தகப்பன் மகனின் அழுக்குக் கைகளைப் பிடித்துக் கழுவிவிடும் ஒரு காட்சி வரும். கதையை நகர்த்துவதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. வேறொரு இயக்குநராக இருந்தால் பூதத்தைச் சீக்கிரம் கொண்டுவரும் அவசரத்தில் அதை வெட்டியிருப்பார். ஆனால், பிறகு அதே கைகளை உயிரில்லாமல் காணும்போது நம் நெஞ்சு அடைப்பதற்கு அந்தக் காட்சிதான் காரணம். பையன் தன் கையாலேயே செய்து தகப்பனுக்குக் கொடுக்கும் கழுத்துமாலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் அதற்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹார்லி சூனியக்காரியிடம் முதலில் கேட்பது பழியை அல்ல, பிள்ளையை. செத்தவனை எழுப்பித்தர முடியுமா என்றுதான் போகிறார். அது தன் கைக்கு மீறியது என்று அவள் சொன்ன பிறகுதான் பேச்சு பழிவாங்கலுக்குத் திரும்புகிறது. இந்த வரிசை மாறியிருந்தால் ஹார்லி வெறும் கோபக்காரராகிவிடுவார். கேட்டது கிடைக்காத இடத்தில், கிடைக்கிற ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த மனிதராக அவரைக் காட்டியிருப்பதால்தான், உங்களைப் போன்ற தகப்பன்மார்கள் அவர் பக்கம் நிற்கிறார்கள்.

அநியாயமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். கூலிக்கு ஆள் வைத்துக் கொலை செய்யச் சொல்கிறவன், காரியம் முடிந்தது என்ற செய்தியை மட்டும் வாங்கிக்கொள்கிறான். கெஞ்சிய குரலும் கிழிந்த சதையும் அவனுக்குத் தெரியாது. ஹார்லிக்கு அந்தத் தெரியாமை இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். தன் பிள்ளை செத்ததைப் போலவே வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாவதை உள்ளிருந்து பார்த்த பிறகு அவரால் அதைத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ச் சூனியக்காரியிடம் நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறார். அவள் சிரிக்கிறாள்; குறுக்கே வந்தால் நீயும் சாவாய் என்கிறாள். அதற்கு மேல் அவர் எடுக்கும் முடிவு அவருடையதே. பூதத்துக்குப் படும் அடி தனக்கும், தனக்குப் படும் அடி பூதத்துக்கும் சேர்கிறது என்பது புரிந்ததும், துப்பாக்கியைத் தன் தலைக்கே திருப்பிக்கொள்கிறார். படம் அவரைத் தண்டிக்கிறது என்பதைவிட, தவறைத் திருத்திக்கொள்ள மிச்சமிருந்த ஒரே வழியை அவர் கையில் கொடுத்தது என்பதே பொருத்தம்.

லான்ஸ் ஹென்ரிக்சனின் நடிப்பு இல்லாமல் இவ்வளவையும் நம்பியிருக்க முடியாது. பெரும்பாலும் இரண்டாம் நிலை வேடங்களிலேயே காணப்பட்ட நடிகர் அவர். 1986-இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில் பிஷப் என்ற இயந்திர மனிதனாக நடித்தவர். பூதப்படம்தானே என்று ஒரு நொடிகூட அலட்சியமாக நடிக்காமல், மகனை இழந்த கிராமத்து மனிதரின் கதை என்று மட்டுமே எண்ணி நடித்திருக்கிறார்.

எம்.பி., நாகர்கோவில்: குற்றம் செய்தவன் ஜோயல் ஒருவன்தான். மற்ற ஐந்து பேரையும் பூதம் ஏன் துரத்த வேண்டும்? இது கதாசிரியரின் கோளாறு இல்லையா?

கோளாறு என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியதுண்டு என்று எழுதினால் சுவையாக இருக்கும். ஆனால் முதல் தடவை பார்த்தபோதே இதுதான் படத்தின் மிகக் கசப்பான பகுதி என்று பட்டது. ஜோயலின் தம்பி ஸ்டீவ், மற்றவர்கள் ஓடிய பிறகும் அடிபட்ட சிறுவனை விட்டுப் போகாமல் அருகிலேயே இருந்தவன். ஹார்லி திரும்பி வந்தபோது மகனுக்கு அருகில் அவர் கண்டது அவனைத்தான். மன்னிப்புக் கேட்க அவன் வாயைத் திறக்கும் வேளையில், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். பூதம் எழுந்து வந்ததும் முதலில் பலியாவது யார்? ஓடாமல் நின்ற அந்த ஸ்டீவ்தான்.

வண்டி மோதியதை ஹார்லி கண்ணால் காணவில்லை. யார் ஓட்டினான், யார் தடுத்தான், யார் அழுதான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கோபம் விசாரணை நடத்திப் பிறப்பதில்லை. அந்தக் கோபத்தைத் தின்று வளர்ந்த பூதம் மட்டும் எப்படி விசாரித்துக் கொல்லும்? ஜோயலோ, இடைப்பட்ட நேரத்தில் மனம் மாறி, காவல்துறையிடம் சரணடைவது என்ற முடிவுக்கே வந்துவிட்டிருக்கிறான். அதற்கும் பூதத்திடம் மதிப்பில்லை. குற்றவாளி திருந்துவது பழிக்கு எந்த வகையிலும் போதாது என்பதை இவ்வளவு இரக்கமில்லாமல் சொன்ன வணிகப் படங்கள் குறைவு.

ஒரு வாசகி, சேலம்: அந்தச் சூனியக்காரிக்கு இதில் என்ன லாபம்? ஊரார் அனைவரும் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது ஏன்?

லாபம் என்று எதையும் படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் அவள் இன்னும் பயமுறுத்துகிறாள். ஹேகிஸ் யாரையும் தேடிப் போவதில்லை, ஆசை காட்டுவதும் இல்லை. விலை பெரியது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறாள். அடுப்பு நெருப்பின் சிவந்த வெளிச்சத்தில், குடிசையின் மூலையில், எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்த எழுத்தரைப் போல உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்துப் போட்ட பிறகு பத்திரத்தைக் கிழிக்கச் சொல்லி வருகிறவரிடம் அந்த எழுத்தர் என்ன சொல்வாரோ, அதைத்தான் அவளும் சொல்கிறாள்.

ஊராரைப் பற்றிய கேள்விக்கு விடை படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே இருக்கிறது. அது 1957-ஆம் ஆண்டு. சிறுவனாக இருக்கும் எட் ஹார்லி இரவில் படுத்திருக்கிறான். ஒருவன் வெளியே ஓடிவந்து கதவைத் தட்டி, உள்ளே விடும்படி கதறுகிறான். எட்டின் தகப்பனார் கதவைத் திறக்கவில்லை. போகாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டி விரட்டுகிறார். ஜன்னல் வழியாகச் சிறுவன் எட்டிப் பார்க்கும்போது, துரத்தி வந்தது அந்த ஆளைப் பிடித்துக் கொல்வது தெரிகிறது. குறி வைக்கப்பட்டவனுக்கு இடம் கொடுத்தால் குறி நம் மீதும் விழும் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். தலைமுறை தாண்டியும் அது அப்படியே இருக்கிறது: இளைஞர்கள் உயிருக்குப் பயந்து வீடு வீடாக ஓடும்போது கதவுகள் திறப்பதில்லை, பாழடைந்த தேவாலயமும் அவர்களைக் காப்பாற்றுவதில்லை.

கதவு திறக்காத அந்த வீட்டின் பிள்ளைதான் வளர்ந்து, அந்தப் பூதத்தை எழுப்பப் போகிறவன். தான் ஜன்னல் வழியே கண்டது என்னவென்று நன்றாகத் தெரிந்தேதான் அவர் சூனியக்காரியின் குடிசையைத் தேடிப் போகிறார். தெரியாமல் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று அவரைச் சொல்ல முடியாதபடி, இந்த முன்கதை கதவை அடைத்துவிடுகிறது. வழிகாட்டச் சொல்லிக் கேட்டபோது, பல பிள்ளைகளைப் பெற்ற அண்டை வீட்டு வாலஸ் மறுத்துவிடுகிறார். அவர் குடும்பத்துப் பையன் பண்ட் என்பவன்தான் வழி காட்டுகிறான். முடிவில் அந்தப் பையனே இளைஞர்களுக்கு உதவியாகவும் நிற்கிறான். ஊரில் கதவைத் திறந்தது அவன் ஒருவன்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

டி.ஜே., கோயம்புத்தூர்: பூதம் கிராஃபிக்ஸா, பொம்மையா? இன்றைய படங்களைவிட நிஜமாகத் தெரிகிறதே!

1988-இல் இந்த அளவுச் செலவில் கணினி வரைகலையை யாரும் கனவுகூடக் கண்டிருக்க முடியாது. அது உள்ளே ஆள் புகுந்து நடித்த உடை. நடித்தவர் டாம் உட்ரஃப் ஜூனியர். அலெக் கில்லிஸ், ஷேன் மஹான், ஜான் ரோசன்கிராண்ட் ஆகியோருடன் சேர்ந்து அந்த உருவத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். தான் செய்த உடம்புக்குள் தானே புகுந்து நடந்திருக்கிறார் என்பதால், எந்த மூட்டு எவ்வளவு வளையும், எந்த விரல் எப்போது கடைசியாக மூடும் என்பது அவருக்கு அத்துப்படி.

இயக்குநர் ஸ்டான் வின்ஸ்டன் அந்தத் துறையின் முதல்வரிசை ஆள். 1984-இல் 'டெர்மினேட்டர்' படத்தின் இயந்திர எலும்புக்கூடு அவர் பட்டறையில் பிறந்தது. 'ஏலியன்ஸ்' அவருக்கு ஆஸ்கார் பெற்றுத்தந்தது. 'டெர்மினேட்டர் 2' இரண்டும், 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' ஒன்றும் தர, மொத்தம் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றவர். 2008-இல் காலமானார். 'பம்ப்கின்ஹெட்' அவர் இயக்கிய முதல் படம். பூதம் செய்வதில் பேர்பெற்ற ஒருவர் படத்தை இயக்க வந்தால், படம் முழுவதும் பூதத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் செய்தது நேர்மாறு. உருவத்தை வடிவமைக்கும் பொறுப்பைத் தன் சீடர்களிடம் விட்டுவிட்டு, நடிகர்களோடும் ஒளிப்பதிவாளரோடும் நேரத்தைச் செலவிட்டார். பூதம் எழுவதற்கு முன் கதை நிதானமாக நடந்து செல்வதற்கு இதுவே காரணம்.

நிஜமாகத் தெரிவதாகச் சொல்கிறீர்கள். அது உண்மையிலேயே படப்பிடிப்புத் தளத்தில் நின்றது; அதன் மீது விழுந்த வெளிச்சமும் நடிகர்கள் மீது விழுந்த வெளிச்சமும் ஒன்று; அது ஒருவர் தலையைப் பிடித்தால் பிடிபட்டவரின் கழுத்து உண்மையாகவே சாய்ந்தது. அந்த நீண்ட, எலும்பு தெரியும் விரல்கள் ஜன்னல் சட்டத்தைப் பற்றும் விதத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். அவசரமே இருக்காது. இரை எங்கும் போய்விடாது என்று தெரிந்த நிதானம் அது.

படம் முன்னேற முன்னேற அந்த முகமும் மாறுகிறது. தொடக்கத்தில் வெறும் மிருகமாக இருப்பது, கொலைக்குக் கொலை ஹார்லியின் சாயலை வாங்கிக்கொள்கிறது; ஹார்லியின் முகத்திலோ பூதத்தின் சாயல் ஏறுகிறது. வசனத்தில் எவரும் விளக்கம் சொல்லாமல், ஒப்பனையை வைத்தே சொல்லப்பட்ட செய்தி இது. ஒப்பனைக்காரர் இயக்கிய படம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எஸ்.ஏ., காரைக்குடி: என் கண்ணுக்கு அது 'ஏலியன்' பிராணியின் அண்ணன் போலத்தான் இருக்கிறது. காப்பி அடித்திருக்கிறார்களா?

சாயல் உண்டு, மறுப்பதற்கில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அதே பட்டறைதான் 'ஏலியன்ஸ்' படத்தில் வரும் வேற்றுக்கிரகப் பிராணிகளின் ராணியைச் செய்து முடித்திருந்தது. உட்ரஃப், கில்லிஸ் இருவரும் பிறகு தனியாக நிறுவனம் தொடங்கி 'ஏலியன்' வரிசைப் படங்களிலேயே வேலை பார்த்தார்கள். 1992-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அந்தப் பிராணியாக நடித்தவரும் உட்ரஃப்தான். நீண்ட மண்டையும் மெலிந்த கைகால்களும் ஒரே கை செய்தவை என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் ஏலியன் பசிக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் கொல்கிறது. இந்தப் பூதத்தின் கண்ணில் குரூரமான ஒரு கேலி இருக்கிறது. சாகப் போகிறவர் பயப்பட வேண்டும் என்பது அதற்கு முக்கியம்.

பி.ஆர்., புதுச்சேரி: படம் முழுவதும் நீலமும் சிவப்பும் புகையுமாக இருக்கிறதே! இப்படி எந்தக் காட்டில் வெளிச்சம் இருக்கும்?

எந்தக் காட்டிலும் இருக்காது. கதை கேட்கும் குழந்தையின் மனத்தில்தான் அப்படி இருக்கும். ஒளிப்பதிவாளர் போயன் பஸெல்லி. 2002-இல் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட 'தி ரிங்' படத்தின் ஒளிப்பதிவும் இவருடையதே. பகல் காட்சிகளில் புழுதியும் வெயிலும் மஞ்சளாகப் படிந்திருக்கும். சிறுவன் இறந்த பிறகு அந்த மஞ்சள் வெளியேறிவிடுகிறது. இரவுக் காட்டுக்கு நிலவொளியின் நீலம். சூனியக்காரியின் குடிசைக்கு நெருப்பின் செம்மஞ்சள். இந்த இரண்டு நிறங்களுக்கிடையில் ஹார்லி போய்வருவதைக் கவனித்தாலே, அவர் எந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

ஓசைக்கும் தனி மரியாதை உண்டு. பூதம் நெருங்கும்போது காற்று சுழன்றடித்து, சில்வண்டு இரைச்சல் காதை அடைக்கிறது. கோடைக்காலக் காட்டில் இயல்பாகவே கேட்கும் ஒலி அது. எனவே முதலில் சந்தேகமே வராது. ரிச்சர்ட் ஸ்டோனின் இசையில் மவுத் ஆர்கன் போன்ற நாட்டுப்புற வாத்தியங்களின் ஒலி ஊடாடுகிறது. இதே மனிதர் பின்னாளில் 'அனிமேனியாக்ஸ்' போன்ற குழந்தைகளின் கார்ட்டூன் தொடர்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கினார் என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வி.என்., தஞ்சாவூர்: 'பழைய பாணி' என்று சொல்லியிருந்தீர்கள். 1988 அவ்வளவு பழையதா?

நான் சொன்னது ஆண்டுக்கணக்கை அல்ல, பாணியை. அந்தக் காலகட்டத்தில் அமெரிக்கத் திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தவை, முகமூடி அணிந்த ஒருவன் கத்தியோடு இளைஞர்களைத் துரத்தும் படங்கள். வெளிப்பார்வைக்கு இதுவும் அதே வரிசையில்தான் நிற்கிறது. காட்டு விடுதியும், விடுமுறைக்கு வந்த ஆறு பேரும் அப்படியே இருக்கிறார்கள். ஆனால் வின்ஸ்டனின் மனம் இருந்தது அதற்கு அரை நூற்றாண்டு முன்னே. ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த 1931-ஆம் ஆண்டு 'ஃப்ராங்கன்ஸ்டைன்', 1941-ஆம் ஆண்டு 'தி வுல்ஃப் மேன்' ஆகிய யுனிவர்சல் படங்களின் பனிமூட்டமும் இடுகாடும், பயத்தில் வாயடைத்த கிராமமும் இதில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் படங்களில் பூதத்தின் மீது நமக்குப் பரிதாபம் வரும். இங்கே அந்தப் பரிதாபம் பூதத்தை எழுப்பியவர் பக்கம் போய்விடுகிறது.

கதையின் மூலமும் பழைய வாசனை கொண்டதுதான். எட் ஜஸ்டின் என்பவர் எழுதிய ஒரு கவிதையை ஆதாரமாக வைத்து, மார்க் பேட்ரிக் கார்டுச்சியும் கேரி ஜெரானியும் திரைக்கதை எழுதினார்கள். படத்தில் வாலஸ் வீட்டுப் பிள்ளைகள், தங்களில் ஒருவரைப் பயமுறுத்தப் பாட்டாகப் பாடுவது அந்தக் கவிதையைத்தான். அந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் ஒருத்தி மயிம் பியாலிக். 'தி பிக் பேங் தியரி' தொடரில் பின்னாளில் ஏமியாக வந்தவர்.

எல்.கே., திருநெல்வேலி: நம் பேய்ப்படங்களிலும் பழிவாங்கல்தானே கதை? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நம் படங்களில் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவரே ஆவியாகத் திரும்பி வந்து கணக்கைத் தீர்த்துக்கொள்வார். பேய்க்கு நியாயம் இருக்கும். எனவே அது கொல்லும்போது அரங்கில் கைதட்டல் எழும். 'பம்ப்கின்ஹெட்' படத்தில் செத்தவன் பழி கேட்கவே இல்லை. பூதத்தை ஏவிவிட்டு ஹார்லி பிணத்தோடு வண்டியில் திரும்பும்போது, பில்லி எழுந்து உட்கார்ந்து, என்ன செய்துவிட்டாய் அப்பா என்று கேட்பதாக ஒரு பிரமைக்காட்சி வரும். யாருக்காக இந்தப் பழி என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு ஹார்லியிடம் பதில் இல்லை. ஏவல், சூனியம் பற்றிய நம் ஊர்ப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஏவியது திரும்பினால் என்ன ஆகும் என்ற பயம் புதிதல்ல என்பதால், இந்தப் படத்தின் உள்ளடக்கம் அந்நியமாகத் தெரியாது.

சி.எம்., ஈரோடு: ஒரேயடியாகப் புகழ்கிறீர்கள். குறையே இல்லையா?

உண்டு. அந்த ஆறு இளைஞர்களில் ஜோயலையும் ஸ்டீவையும் தவிர மற்றவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய உதவும் அளவுக்குக்கூட எழுதவில்லை. நடுப்பகுதியில் ஓடுவதும் ஒளிவதும் அலறுவதும் மாறி மாறி வந்து சலித்துப்போகிறது. பூதம் எப்போதெல்லாம் ஆளைத் தூக்கிப் போகிறதோ அப்போதெல்லாம் மின்னல் வெட்ட வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலும். ஹார்லி திரையில் இல்லாத நிமிடங்களை எண்ணி வெட்டினால் படம் இன்னும் இறுகும்.

ஜி.டி., வேலூர்: இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

தயாரித்த டி லாரன்டிஸ் நிறுவனம் படம் வெளிவரும் வேளையில் திவாலாகிவிட்டது. கைமாறிய படம் 1988 அக்டோபரில் மிகச் சில அரங்குகளில் மட்டும் தலைகாட்டியது. 1989 ஜனவரியில் மீண்டும் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 44 லட்சம் டாலர். விளம்பரத்துக்கு ஆளில்லாத படத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும். வீடியோ கேசட் கடைகள்தான் பிறகு அதை வாழவைத்தன.

என்.யு., கும்பகோணம்: முடிவு எனக்குச் சரியாகப் புரியவில்லை. சூனியக்காரி கடைசியில் யாரைப் புதைக்கிறாள்? அடுத்தடுத்த பாகங்களில் விளக்கம் கிடைக்குமா?

ஹார்லி தன்னைச் சுட்டுக்கொண்டும் முழுதாகச் சாகாத நிலையில், அந்த ஆறு பேரில் உயிர்தப்பிய ட்ரேசி என்ற பெண்ணே அவரைச் சுட்டு முடிக்க வேண்டியதாகிறது. அவரோடு பூதமும் விழுகிறது. அன்றிரவு சூனியக்காரி அதே பரங்கிக்காட்டு இடுகாட்டில், அதே மேட்டில், உருக்குலைந்து சுருங்கிய ஒரு சடலத்தைப் புதைக்கிறாள். அதன் கழுத்தில் கிடப்பது பில்லி செய்துகொடுத்த மாலை. அடுத்த தடவை யாரோ ஒருவர் பழி கேட்டு வந்து தோண்டும்போது எழுந்து வரப்போவது ஹார்லிதான். அப்படியானால் இந்தத் தடவை எழுந்து வந்தது, இதற்கு முன் பழி கேட்டு வந்த யாரோ ஒரு மனிதர் என்றாகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு படத்தை மறுபடி பார்த்தால், 1957-இல் கதவுக்கு வெளியே பூதமாக வந்து நின்றது எந்த வீட்டுத் தகப்பனோ என்று தோன்றும்.

பின்வந்த பாகங்களில் இதற்கு மேல் விளக்கம் தேட வேண்டாம். இரண்டாம் பாகம் திரையரங்குக்கு வராமல் நேராக வீடியோவில் வந்தது. இதோடு கதைத்தொடர்பு மிகக் குறைவு. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் தொலைக்காட்சிக்காக ருமேனியாவில் எடுக்கப்பட்ட மூன்றாம், நான்காம் பாகங்களில் ஹென்ரிக்சன் ஹார்லியின் ஆவியாக வருகிறார். நான்காவதில், அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே தலைமுறைப் பகையில் வெட்டிக்கொண்டு மடிந்த ஹாட்ஃபீல்ட், மெக்காய் குடும்பங்களின் பெயர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான், எடுத்த விதம்தான் போதவில்லை. ஹென்ரிக்சனின் முகத்துக்காக வேண்டுமானால் மூன்றாவதைப் பாருங்கள். மற்ற இரண்டையும் தவிர்த்துவிடலாம்.